வாவிக்கு மேலே திணறாமல் பறக்க: ஃபிளைட் சிமுலேட்டர் கிராஃபிக்ஸ் அமைப்புகள்

மட்டக்களப்பு ஓடுபாதையில் செஸ்னா 172ஐ நிறுத்தி வைத்திருக்கும்வரை திரையில் குறை எதுவும் தெரியாது. விமானம் உருளத் தொடங்கியதும் ஓடுபாதையின் வெள்ளைக் கோடுகள் ரம்பப் பல் போல வெட்டுப்பட்டு மினுங்கும். மேலே எழும்பி வாவியின் பக்கம் திரும்பும்போது காட்சி ஒரு கணம் நின்று பிறகு துள்ளும். இந்த இரண்டையும் "கிராஃபிக்ஸ் சரியில்லை" என்று ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. முதலாவது ஓரங்களை மழுப்பும் ஆன்டி-அலையசிங் பற்றியது. இரண்டாவது பிரேம்கள், அதாவது திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் படங்கள், சீரான இடைவெளியில் வராததால் உண்டாவது. ஒன்றுக்கான அமைப்பைக் கூட்டி மற்றதைத் தீர்க்கப் போனால் இரண்டும் கெடும்.

இங்கு பெரும்பாலான வீடுகளில் இருப்பது பாவித்த டெஸ்க்டொப் அல்லது நடுத்தர லப்டொப். இந்தக் குறிப்புகள் அப்படிப்பட்ட கணினிகளை மனதில் வைத்தவை. ஃபிளைட்கியர், எக்ஸ்-பிளேன், மைக்ரோசொஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் ஆகிய மூன்றையும் பற்றிச் சொல்கிறோம். ஃபிளைட்கியர் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். வல்கன் (மென்பொருள் கார்டைக் கொண்டு வரைவிக்கும் ஒரு முறை) ஆதரவு இல்லாத கிராஃபிக்ஸ் கார்டில் எக்ஸ்-பிளேன் 12 திறக்கவே மாட்டாது. மைக்ரோசொஃப்ட்டுக்கு நல்ல கார்டும் நல்ல இணையமும் வேண்டும்.

முதலில் திணறுவது எதுவென்று பாருங்கள்

எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்: புரோசசர் பிந்துகிறதா, கிராஃபிக்ஸ் கார்ட் பிந்துகிறதா? ஒவ்வொரு பிரேமுக்கும் வேண்டிய கணக்கைப் புரோசசர் செய்து கொடுக்கிறது, கார்ட் அதை வரைகிறது. கல் எடுத்துக் கொடுக்கும் கையாளும் சுவர் கட்டும் மேசனும் போலத்தான். கையாள் பிந்தினால் எத்தனை கெட்டிக்கார மேசனை வைத்தாலும் சுவர் விரைவாக எழும்பாது. புதுக் கார்ட் வாங்கிப் போட்ட பிறகும் பிரேம் ஏறவில்லை என்று கவலைப்படுகிறவர்கள் பலருடைய கணினியில் நடப்பது இதுதான்.

எக்ஸ்-பிளேனில் செட்டிங்ஸ் உள்ளே டேட்டா அவுட்புட் பக்கத்தைத் திறந்து, பிரேம் ரேட் என்ற வரியைக் கொக்பிட்டில் காட்டும்படி அடையாளமிட்டால், திரையின் மூலையில் பிரேம் எண்ணிக்கையுடன் சிபியு (புரோசசர்) நேரமும் ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்ட்) நேரமும் தெரியும். எது பெரிதோ அதுதான் தடை. மைக்ரோசொஃப்ட்டில் டெவலப்பர் மோடை இயக்கி எஃப்பிஎஸ் (செக்கனுக்கு எத்தனை பிரேம்) காட்டியைத் திறந்தால், மெயின் த்ரெட் (புரோசசரின் முக்கிய வேலை) தடையா ஜிபியு தடையா என்று அதுவே எழுதிக் காட்டும். ஃபிளைட்கியரில் வியூ மெனுவின் டிஸ்பிளே ஒப்ஷன்ஸில் பிரேம் ரேட்டை இயக்கலாம். அங்கேயே மிக மோசமான பிரேம் தாமதத்தை மில்லி செக்கனில் காட்டும் தெரிவும் உண்டு. சராசரியை விட அந்த எண்தான் உண்மையைச் சொல்லும்.

எந்தச் சிமுலேட்டருக்கும் பொருந்தும் எளிய சோதனை ஒன்றும் இருக்கிறது. விண்டோவை நாலில் ஒரு பங்காகச் சுருக்குங்கள். பிரேம் எண்ணிக்கை சட்டென்று ஏறினால் தடை கார்டில் இருக்கிறது. ஏறாமல் அப்படியே நின்றால் புரோசசரில்.

அதோடு, விளையாட்டு உண்மையில் எந்தக் கார்டில் ஓடுகிறது என்பதையும் உறுதி செய்ய வேண்டும். டெஸ்க்டொப்பில் மொனிட்டர் கேபிளை மதர்போர்ட் துளையில் சொருகியிருப்பதைப் பல வீடுகளில் காணலாம். அப்படிச் சொருகினால் தனிக் கார்ட் சும்மா கிடக்கும். கேபிள் கார்டின் துளையில்தான் இருக்க வேண்டும். இரண்டு கிராஃபிக்ஸ் உள்ள லப்டொப்பில் விண்டோஸ் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, கிராஃபிக்ஸ் என்று போய், சிமுலேட்டரின் கோப்பைச் சேர்த்து ஹை பெர்ஃபோமன்ஸைத் தெரிவு செய்யுங்கள். ஃபிளைட்கியரின் ஹெல்ப் மெனுவில் அபவுட் பகுதியைத் திறந்தால் அது பயன்படுத்தும் கார்டின் பெயர் இருக்கும். என்விடியா கார்ட் உள்ள லப்டொப்பில் அந்த இடத்தில் இன்டெல் என்று இருந்தால், வேறெதையும் தேடாமல் இதை முதலில் சரிசெய்யுங்கள்.

30ஐப் பூட்டி வைப்பது

60 ஹேர்ட்ஸ் மொனிட்டர் ஒவ்வொரு 16.7 மில்லி செக்கனுக்கும் ஒரு தடவை படத்தைப் புதுப்பிக்கும். கணினி 60 பிரேம் கொடுத்தால் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் ஒரு புதிய படம். 30 கொடுத்தால் ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு தடவை, அதாவது 33.3 மில்லி செக்கன் நிற்கும். இரண்டும் கண்ணுக்குச் சீராகவே இருக்கும். 45 என்பது 30ஐ விடப் பெரிய எண்தான், ஆனால் வி-சிங்க் (படத்தை மொனிட்டரின் புதுப்பிப்போடு ஒத்துப்போக வைக்கும் அமைப்பு) போட்டிருந்தால் இரண்டு படம் 16.7 மில்லி செக்கனும் அடுத்த படம் 33.3 மில்லி செக்கனும் நிற்கும். இந்த நொண்டலைத்தான் கண் துள்ளலாகப் பார்க்கிறது. ஆகவே 35க்கும் 50க்கும் இடையில் அலைகிற கணினியை 30இல் பூட்டிவிடுவதே சரி. ஓட்டப் பந்தய விளையாட்டுக்கு இது போதாமல் இருக்கலாம். தரையிறங்குவதற்கு மணிக்கு நூற்றிச் சொச்சம் கிலோமீட்டர் வேகத்தில் வரும் சிறு விமானத்துக்கு 30 தாராளம்.

பூட்டுவதற்கு என்விடியா கொன்ட்ரோல் பெனலில் மாக்ஸ் பிரேம் ரேட் என்ற வரி உண்டு. 2020 ஜனவரி டிரைவரில் இருந்து இது கிடைக்கிறது. அதைச் சிமுலேட்டருக்கு மட்டும் தனியாகப் போடுங்கள், எல்லா மென்பொருளுக்கும் போட வேண்டாம். ஏஎம்டி கார்டுக்கு அதன் அட்ரினலின் மென்பொருளில் பிரேம் கட்டுப்பாடு இருக்கிறது. ஃபிளைட்கியரின் ரெண்டரிங் ஒப்ஷன்ஸிலேயே பிரேம் எண்ணிக்கையை மட்டுப்படுத்தும் தெரிவு உள்ளது. பூட்டுடன் வி-சிங்க்கும் இயங்கட்டும். இல்லாவிட்டால் விமானத்தைத் திருப்பும்போது படம் குறுக்கே கிழிந்தது போலத் தெரியும்.

30ஐக்கூட எட்டவில்லை என்றால் அமைப்புகளைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. எக்ஸ்-பிளேனில் பிரேம் ஏறத்தாழ 20க்குக் கீழே விழுந்தால், பறப்புக் கணக்குப் பிழைக்காமல் இருக்கச் சிமுலேட்டர் நேரத்தையே மெதுவாக்கிவிடும். உங்கள் கடிகாரத்தில் ஒரு நிமிடம் போனால் விமானத்துக்கு அதைவிடக் குறைவாகவே போயிருக்கும். இணையத்தில் மற்றவர்களோடு சேர்ந்து பறப்பவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல்.

பூட்டுவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. சூடும் கரண்ட் செலவும் குறையும். மட்டக்களப்பில் கச்சான் அடிக்கும் மாதங்களில் மத்தியானம் அறைக்குள் இருக்கவே முடியாது. லப்டொப்புக்கும் அதே நிலைதான்.

ஓரங்களை மழுப்புதல்

ஆன்டி-அலையசிங்கில் பல வகை உண்டு. விமானப் பறப்புக்கு எது எங்கே பொருந்தும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் கடைசிப் படிவரை கூட்டுவது வீண்.

எம்எஸ்ஏஏ என்பது பொருட்களின் ஓரங்களை மட்டும் ஒரு புள்ளிக்கு 2, 4 அல்லது 8 மாதிரி எடுத்து மழுப்பும். இறக்கையின் விளிம்பு, ஜன்னல் சட்டம், கட்டடக் கூரை எல்லாம் இதனால் அழகாகும். ஆனால் மர இலைகள், கம்பி வேலி போன்றவை தட்டைப் படத்தில் துளையிட்டு வரையப்பட்டவை. அவற்றில் எம்எஸ்ஏஏ வேலை செய்யாது. தென்னை மரங்கள் நிறைந்த கல்லடிக் கரையோரத்தின் மேல் தாழப் பறந்தால், ஓரங்கள் எல்லாம் சீராக இருக்க மரங்கள் மட்டும் மினுங்குவதற்குக் காரணம் இதுதான். என்விடியா கொன்ட்ரோல் பெனலில் டிரான்ஸ்பேரன்சிக்கென இருக்கும் தனி வரியை இயக்கிப் பாருங்கள். எல்லாச் சிமுலேட்டரும் அதற்குக் கட்டுப்படாது.

எஃப்எக்ஸ்ஏஏ வரைந்து முடிந்த படத்தின் மேல் மெல்லிய மழுப்பல் பூசுவது. செலவு மிகக் குறைவு. ஆனால் கொக்பிட்டில் இருக்கும் சிறு எழுத்துக்களையும் சேர்த்து மங்கலாக்கிவிடும். உயரமானியின் எண்களை வாசிக்கத் தலையை முன்னே நீட்ட வேண்டியிருந்தால் முதலில் எஃப்எக்ஸ்ஏஏயை நிறுத்திப் பாருங்கள்.

டிஏஏ முந்திய பிரேம்களையும் சேர்த்துக் கணக்கிடும். மினுங்கலை அடக்குவதில் இதுவே சிறந்தது. குறை என்னவென்றால், வேகமாக அசையும் பொருளுக்குப் பின்னால் நிழல் போல ஒரு சுவடு விடும். டிஎல்எஸ்எஸ் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கு மட்டும். படத்தைச் சிறிய அளவில் வரைந்து பெரிதாக்கிக் கொடுப்பதால் பிரேம் நன்றாக ஏறும். ஆனால் ஜி1000 போன்ற, முள் கருவிகளுக்குப் பதிலாக வரும் டிஜிட்டல் கண்ணாடித் திரைகளில் எண்கள் மாறும்போது அழிந்து தேய்ந்தது போலத் தெரியும். நவீனக் கொக்பிட்டில் கருவிகளைப் பார்த்தே பறப்பவர்களுக்கு டிஏஏயைச் சொல்வோம். வெளிக்காட்சியை ரசிப்பவர்களுக்கு டிஎல்எஸ்எஸ் பரவாயில்லை.

ஃபிளைட்கியரில் இதைப் பறந்துகொண்டிருக்கும்போது மாற்ற முடியாது. விண்டோ உருவாகும் கணத்திலேயே மாதிரி எண்ணிக்கை தீர்மானமாகிவிடும். லோஞ்சரில் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆன்டி-அலையசிங் வரியை 4 ஆக்கிவிட்டுப் பிறகே பறப்பைத் தொடங்குங்கள். தொடங்கியதும் கறுப்புத் திரை வந்தாலோ மூடிக்கொண்டாலோ கார்ட் அதைத் தாங்கவில்லை. 2க்கு இறக்குங்கள். இன்டெல் உள்ளமைக் கிராஃபிக்ஸில் 2ஓடு நிற்பதே நல்லது. 8 மாதிரிக்கும் 4 மாதிரிக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை 1920க்கு 1080 திரையில் உற்றுப் பார்த்தால்தான் காணலாம். அதற்குக் கொடுக்கும் விலை அதிகம்.

ஓடுபாதைக் கோடுகள் தூரத்தில் கரைந்து கலங்குவது வேறு விஷயம். அதற்கு அனிசோட்ரோபிக் ஃபில்டரிங் வேண்டும். சாய்வாகத் தெரியும் தரையின் படங்களைத் தெளிவாக வைப்பது இது. 16 மடங்கு போட்டாலும் இன்றைய கார்டுகளுக்குச் சுமை தெரியாது. இதைக் குறைத்து வைத்திருப்பதில் ஒரு பலனும் இல்லை. அம்பாறைப் பக்கத்து வயல் வெளிகளுக்கு மேல் செய்மதிப் படத்தோடு பறப்பவர்களுக்கு வரம்புகள் வரிவரியாகத் தெரிவதும் கலங்கிப்போவதும் இந்த ஒரு அமைப்பில்தான் தங்கியிருக்கிறது.

எதைக் குறைப்பது

கார்ட் பிந்தினால் முதலில் ரெண்டர் ஸ்கேலிங், அதாவது படத்தை வரையும் அளவு. 100இல் இருந்து 80க்கு இறக்கினால் வரைய வேண்டிய புள்ளிகள் 64 வீதமாகும். 70க்கு இறக்கினால் 49 வீதம், ஏறத்தாழப் பாதி. 80வரை கண்ணுக்கு உறுத்தாது. 70இல் கொக்பிட் எழுத்து மங்கும். அடுத்தது முகில். முப்பரிமாண முகில்களை வரைவது கார்டுக்கு மிகப் பாரமான வேலைகளில் ஒன்று. வடகீழ்ப் பருவக்காற்று மாதங்களில் நேரடி வானிலையை இயக்கிவிட்டு மட்டக்களப்பில் ஏறினால் வானம் முழுக்க முகில்தான். யூலையில் 40 பிரேம் கொடுத்த கணினி மார்கழியில் 25க்கு வருவது அதனால்தான், கணினி பழுதாகவில்லை. அமைப்புகளைத் தெளிந்த வானத்தில் மட்டும் சோதித்து முடிவெடுக்கக் கூடாது. பிறகு நிழல், நீரின் பிரதிபலிப்பு. வாவி 56 கிலோமீட்டர் நீளம், ஒரு பக்கம் கடல். இங்கே பறக்கும்போது திரையில் பாதி தண்ணீர்தான். எக்ஸ்-பிளேன் 11 வைத்திருப்பவர்கள் ரிஃப்ளெக்ஷன் டீட்டெயில் இழுகோலை ஆகக் குறைந்த நிலைக்குத் தள்ளிவிடுங்கள். அதற்குக் கொடுக்கும் பிரேமுக்கு ஏற்ற அழகு அதில் இல்லை. அதே 11இல் 2020இல் வந்த 11.50 பதிப்புக்கு ஏற்றி வல்கனை இயக்குவது எல்லாவற்றையும் விட முக்கியம்.

புரோசசர் பிந்தினால் மேலே சொன்னவற்றைக் குறைத்தும் பயனில்லை. தரைப்பரப்பின் விவர அளவு, பொருட்களின் எண்ணிக்கை, வீதி வாகனங்கள், மற்ற விமானங்கள், இவற்றைக் குறைக்க வேண்டும். மைக்ரோசொஃப்ட்டில் கண்ணாடிக் கொக்பிட்டின் புதுப்பிப்பு வேகத்தையும் ஒரு படி இறக்கலாம். ஃபிளைட்கியரில் கட்டடங்களும் மரங்களும்தான் முதலில் போக வேண்டியவை. அதில் சிக்கலான விமானங்களை ஓட்டும்போது சீரான இடைவெளியில் ஒரு சின்ன இடறல் வருவதுண்டு. விமானத்தின் நாசல் ஸ்கிரிப்டுகள் (விமானத்தோடு வரும் சிறு நிரல்கள்) விட்டுப்போகும் நினைவகத்தைச் சிமுலேட்டர் துப்பரவாக்கும் கணம் அது. கிராஃபிக்ஸை எவ்வளவு குறைத்தாலும் போகாது. எளிய விமானத்தில் ஏறினால் மறைந்துவிடும், காரணம் அதுதான் என்று அறிந்துகொள்ளலாம்.

டெக்ஸ்சர் (பொருட்களின் மேல் ஒட்டப்படும் படம்) தரம் பிரேம் எண்ணிக்கையைப் பெரிதாகப் பாதிக்காது, கார்டின் நினைவகம் நிரம்பும்வரை. 4096க்கு 4096 அளவுள்ள ஒரு படம் சுருக்காமல் 64 மெகாபைட் பிடிக்கும். பக்கத்தின் நீளத்தைப் பாதியாக்கினால் அது காற்பங்காகும். 4 ஜிபி கார்டில் உச்சத் தரத்தை வைத்தால் முதலில் நன்றாக ஓடி, பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் இடறும். எக்ஸ்-பிளேன் அந்த நேரம் படங்களைத் தானாகவே மங்கலாக்கும். டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினால் இரண்டும் தீரும்.

ரேமும் டிஸ்க்கும்

உள்ளமைக் கிராஃபிக்ஸ் உள்ள கணினி தனக்கென நினைவகம் இல்லாமல் பொது ரேமையே பாவிக்கிறது. அதில் ஒரே ஒரு ரேம் ஸ்டிக் இருந்தால் தரவு போய்வரும் பாதை ஒன்றுதான், இரண்டு இருந்தால் பாதையும் இரண்டு. கடையில் 16 ஜிபி கேட்கும்போது ஒரு 16க்குப் பதில் இரண்டு 8ஆகக் கேளுங்கள், இரண்டும் ஒரே வேகத்தில் இருக்கட்டும். மதர்போர்டில் நாலு துளை இருந்தால் எந்த இரண்டில் போட வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும், பெரும்பாலும் ஒன்று விட்டு ஒன்று. இப்படியான கணினிகளுக்கு இதைவிட மலிவான முன்னேற்றம் கிடையாது.

சிமுலேட்டரும் அதன் நிலக்காட்சியும் எஸ்எஸ்டியில் இருக்க வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால், புதிய நிலப்பகுதி ஏறும் ஒவ்வொரு முறையும் காட்சி நின்று போகும். எக்ஸ்-பிளேனுக்கு ஓர்த்தோ4எக்ஸ்பி என்ற மென்பொருளைக் கொண்டு செய்மதி நிலக்காட்சி தயாரிப்பவர்களுக்கு ஒரு வசதி: நிலம் ஒரு பாகைக்கு ஒரு பாகை கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வடக்கு 7, கிழக்கு 81 என்ற ஒரே கட்டத்துக்குள் மட்டக்களப்பு, வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை, உகணையில் உள்ள கல்லோயா விமான நிலையம், சேனநாயக்க சமுத்திரம் எல்லாம் அடங்கிவிடும். பொத்துவில் அடங்கும் தெற்குக் கட்டமும் வாகரை அடங்கும் வடக்குக் கட்டமும் தனியாக வேண்டும். சூம் அளவு 16இல் ஒரு புள்ளி ஏறத்தாழ 2.4 மீற்றர், 17இல் 1.2 மீற்றர். ஒரு படி ஏற்றினால் கோப்புகளின் அளவு நாலு மடங்காகும். கட்டம் முழுவதற்கும் 16 போதும். விமான நிலையங்களைச் சுற்றி மட்டும் 17 வைத்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோசொஃப்ட்டில் நிலக்காட்சி இணையம் வழியாக வருவதால், பின்னேரத்தில் மொபைல் இணையம் இழுபடும்போது தரை உருகியது போலத் தெரியும், திணறலும் வரும். இதைக் கார்டின் குறையாக எண்ணி அமைப்புகளைக் குறைக்கிறார்கள். டேட்டா பகுதியில் ரோலிங் கேஷை, அதாவது வந்த நிலக்காட்சியைச் சேமித்து வைக்கும் கோப்பை, எஸ்எஸ்டிக்கு மாற்றிப் பெரிதாக்குங்கள். 2020 பதிப்பில் மனுவல் கேஷ் உண்டு. வரைபடத்தில் மட்டக்களப்பு முதல் அம்பாறை வரை ஒரு கட்டம் அடையாளமிட்டு, இணையம் நன்றாக இருக்கும் இரவு நேரத்தில் இறக்கி வைத்துவிடலாம்.

சூடும் உப்பும்

முதல் இருபது நிமிடம் நன்றாக ஓடி, பிறகு பிரேம் விழுந்து, கணினியை ஆறவிட்டால் மீண்டும் சரியாகிறது என்றால் அது சூடு. புரோசசரோ கார்டோ எல்லையைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் வெப்பத்தையும் கடிகார வேகத்தையும் அருகருகே பாருங்கள். வெப்பம் 90 பாகையைத் தாண்டும்போது வேகம் இறங்கினால் சந்தேகமே வேண்டாம். விசிறியையும் வெப்பத் தகடுகளையும் தூரிகையால் துப்பரவாக்கி, தெர்மல் பேஸ்டைப் புதுப்பித்தால் பெரும்பாலும் போதும். நாவலடி, கல்லடி போலக் கடலுக்கு அருகில் உள்ள வீடுகளில் உப்புக் காற்று தூசியோடு சேர்ந்து தகடுகளில் பிசினாக ஒட்டும், ரேமின் தொடுமுனைகளையும் அரிக்கும். அங்கே துப்பரவு அடிக்கடி தேவை. லப்டொப்பை மெத்தையில் வைத்துப் பறக்க வேண்டாம், பின்பக்கத்தை இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். சார்ஜர் சொருகியிருக்கட்டும். பற்றரியில் ஓடும்போது கார்ட் முழு வேகத்துக்குப் போகாது.

சோதிக்கும் முறை

ஒரே விமானம், ஒரே இடம், ஒரே நேரம், ஒரே வானிலை. ஒரு தடவைக்கு ஓர் அமைப்பை மட்டும் மாற்றி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிய உடனே பார்க்காதீர்கள். ஷேடர்கள் (ஒளி, நிறம் வரையக் கார்ட் பாவிக்கும் சிறு நிரல்கள்) தயாராகி நிலக்காட்சி ஏறி முடிய இரண்டு மூன்று நிமிடம் வேண்டும், டிரைவரைப் புதுப்பித்த பிறகு முதல் பறப்பு எப்போதும் இடறும். மட்டக்களப்பில் மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், இங்கே கட்டடங்கள் குறைவு. இரத்மலானைக்கு இறங்கும்போது கொழும்பு முழுவதும் திரையில் இருக்கும். அங்கே 30ஐப் பிடிக்கும் அமைப்பு வாவிக்கு மேலே தாராளமாகப் பிடிக்கும். அங்கே 26, 27 என்று தொங்கினால் முதலில் பொருட்களின் எண்ணிக்கையை ஒரு படி இறக்குங்கள், ஆன்டி-அலையசிங்கில் கடைசியாகக் கை வையுங்கள்.